குண்டின் முனை

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனிலிருந்து ஆயர் ஈத்தாம் நோக்கிச் செல்லும் சாலையை அடுத்துப் ‘பாடாங் தெம்பாக்’ என்றொரு குடியிருப்பு உள்ளது. 1960-களின் இறுதியில் எழும்பிய அடுக்குமாடி வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஆங்கிலத்தில் அவ்விடத்தை ‘ரைபிள் ரேஞ்ச்’ என்பர். தமிழில் சொல்வதானால் சுடுதிடல். ஆங்கிலேயர் ஆட்சியில் ரைபிளைத் தோளில் அணைத்துக் குறிபார்த்துச் சுட்டுப் பழகிய வெட்டவெளி அது. திடல் மறைந்தது, பெயர் நின்றுவிட்டது. ஊர்ப் பெயர்களுக்கு அத்தகைய பிடிவாதம் உண்டு.

சுடுதிடலில் அட்டையைத் துளைக்கும் குண்டு வேறு. காட்டில் யானையை வீழ்த்தும் குண்டு வேறு. புலிக்கென வேட்டைக்காரர் தேர்ந்தெடுக்கும் குண்டு இன்னும் வேறு. பெரும்பாலானவற்றின் உள்ளீடு ஈயமே. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அதன் முனையிலுள்ள ஓரிரு மில்லிமீட்டர் உலோகந்தான். அச்சிறு முனையைக் குறித்து 1899-ஆம் ஆண்டில் உலகப் பேரரசுகள் கூடி அமர்ந்து வாதிட்டன. அவ்வாதம் மூள்வதற்குக் காரணமான குண்டு பிறந்தது இந்திய மண்ணில். ஆதலின் குண்டுத் தெரிவைக் குறிசுடுவோரின் தனிக்கலை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

பினாங்கின் முதல் குண்டைப் பற்றி ஒரு கதை உண்டு. 1786-ஆம் ஆண்டு ஜூலையில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியபோது கரையோரம் அடர்ந்த காடாக இருந்ததாம். காடு வெட்ட ஆட்கள் முன்வரவில்லை. லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடி வந்தவர்கள் மரத்தை வெட்டி வழி செய்தார்களாம். கதை உண்மையோ அன்றோ, வணிகக் கம்பெனி ஒன்றின் இயல்புக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

காசுக்குப் பின்னர் ஈயம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களின் காவற்படையில் பெரும்பங்கினர் மதராஸ் தரைப்படையைச் சேர்ந்த சிப்பாய்களாவர். தமிழரும் தெலுங்கரும் தென்னாட்டு முஸ்லிம்களும் அப்படையில் இருந்தனர். ஜார்ஜ் டவுனில் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்னும் சாலை இன்றும் அவர்தம் குடியிருப்பை நினைவூட்டுகிறது. அவர்கள் தோளில் சுமந்தது ‘பிரவுன் பெஸ்’ எனப்பட்ட வழுவழுப்பான குழலையுடைய துப்பாக்கி. குழலின் விட்டம் முக்கால் அங்குலம். அதில் இட்ட ஈய உருண்டையின் விட்டமோ அதைவிடச் சற்றுக் குறைவு. வெடிமருந்தின் கரி படிந்த குழலிலும் உருண்டை எளிதில் இறங்கவேண்டும் என்பதற்காக அவ்விடைவெளியை விட்டிருந்தனர். விளைவு, உருண்டை குழலின் சுவரில் மோதி மோதி வெளியேறிற்று. கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்ப அதன் வழியும் மாறிற்று. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைத்துச் சுட்டால் படுவது ஊழின் செயல் எனலாம். அக்காலத்தில் குண்டைத் தேர்ந்தெடுத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதும், விரைவில் மறுபடி மருந்திடுவதுமே போர்க்கலையாக இருந்தன.

குழலின் உட்சுவரில் சுருள்வரிகளை வெட்டினால் குண்டு பம்பரம்போல் சுழன்று நேரே செல்லும் என்பது ஐரோப்பியர் நெடுங்காலம் அறிந்த உண்மை. ஆனால் வரியைக் கவ்விப் பிடிக்குமளவு குண்டு இறுக்கமாக இருந்தால் அதை வாய்வழியே இடித்து இறக்க நேரமாகும். இச்சிக்கலை அவிழ்த்தவர் பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே. 1849-இல் அவர் அமைத்த குண்டு நீண்டு கூம்பிய வடிவினது. அதன் அடிப்பாகம் குடைந்திருந்தது. இறக்கும்போது தளர்வாக இறங்கும்; வெடித்ததும் உள்ளே அழுத்தும் புகை அடியை விரித்து வரிகளோடு பொருத்திவிடும். இம்முறையைப் பின்பற்றி 1853-இல் ஆங்கிலேயர் என்பீல்டு ரைபிளைக் கொண்டுவந்தனர். பன்னூறு கஜத் தொலைவு குறிக்குள் வந்தது.

அந்த என்பீல்டின் தோட்டாவே 1857-இல் வரலாற்றில் இடம்பெற்றது. மருந்தும் குண்டும் அடங்கிய காகிதச் சுருளைப் பல்லால் கடித்துத் திறக்கவேண்டும். காகிதத்தின்மேல் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில், அவ்வாண்டு ஜனவரியில், அது பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் என்ற பேச்சு எழுந்தது. பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. மதராஸ் படை பெரும்பாலும் அக்கிளர்ச்சியில் சேரவில்லை. ஐம்பத்தோராண்டுகளுக்கு முன்பே, 1806-இல், வேலூர்க் கோட்டையில் புதிய தலைப்பாகையின் பொருட்டு அப்படை குருதி சிந்தியிருந்தது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். டம்டம் என்னும் அச்சிற்றூரின் பெயர் நாற்பதாண்டுகளுக்குப் பின் மற்றொரு முறை உலகெங்கும் ஒலித்தது. இம்முறை காரணம் தோட்டாவின் காகிதமன்று, குண்டின் முனை.

1880-களில் இரு கண்டுபிடிப்புகள் குண்டின் உருவையே மாற்றின. 1882-இல் சுவிட்சர்லாந்தின் எடுவர்டு ரூபின் ஈயக் குண்டுக்குச் செம்பு உறை போர்த்தினார். சில ஆண்டுகளில் பிரெஞ்சு வேதியியலார் போல் வியேய் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். 1886-இல் பிரெஞ்சுப் படை அதை ஏற்றது. புதிய மருந்தின் வேகத்தைத் தனி ஈயம் தாங்காது. வரிகளைப் பற்றாமல் உரிந்து குழலில் அப்பிக்கொள்ளும். உறை போர்த்திய மெல்லிய குண்டோ அவ்வேகத்தைத் தாங்கியது. 1888-இல் ஆங்கிலேயப் படை .303 அங்குல விட்டமுள்ள ரைபிளை ஏற்றுக்கொண்டது. அதன் குண்டின் எடை 215 கிரெய்ன். பொற்கொல்லரின் ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்ன் என்பதால், நூற்றேழு குன்றிமணி எனக் கொள்ளலாம். அதற்கு முந்திய மார்ட்டினி-ஹென்றியின் ஈயக் குண்டு 480 கிரெய்ன். எடை பாதிக்கும் கீழே இறங்கிற்று. வேகமும் தொலைவும் ஏறின.

புதிய குண்டு 1895-இல் வடமேற்கு எல்லையில் சித்ரால் போரில் பயன்பட்டது. அங்கிருந்து முறையீடு வந்தது. முழு உறையுள்ள குண்டு உடலில் நுழைந்து ஊசிபோல் மறுபுறம் வெளியேறிவிடுகிறது. அடிபட்டவர் உடனே வீழாமல் தொடர்ந்து ஓடிவருகிறார் என்பது அம்முறையீடு. அறப்போர் என்று பேசுவோர் மகிழவேண்டிய செய்தி இது, படையதிகாரிகள் மகிழவில்லை. டம்டம் தோட்டாத் தொழிற்சாலையின் கண்காணிப்பாளர் கேப்டன் பெர்ட்டி-கிளே குண்டின் முனையில் உறையை விலக்கி ஈயத்தைச் சிறிதளவு வெளியே தெரியவிட்டார். உடலில் பட்டதும் அம்மெல்லிய முனை நசுங்கிக் காளான்போல் விரிந்தது. சிறு துளையாக நுழைந்து பெரும்புண்ணாக மாறிற்று. 1897-98-இல் நடந்த திரா படையெடுப்பில் எல்லைப்புறப் பழங்குடியினர்மீது இக்குண்டு பாய்ந்தது. அதே 1898-இல் சூடானில், டம்டம் குண்டு கிட்டாத ஆங்கிலப் படையினர் தங்களிடமிருந்த குண்டுகளின் முனையை அரத்தால் அராவிக்கொண்டதும் பதிவாகியுள்ளது.

ஐரோப்பாவில் எதிர்ப்பு எழுந்தது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து அறுவை மருத்துவர் புரூன்ஸ் சோதனை நடத்திப் புண்ணின் கொடுமையை வெளியிட்டார். ஆங்கிலேயர் மறுத்தனர். அவர் சுட்டுப் பார்த்தது டம்டம் குண்டையன்று, அதைவிட மிகுதியாக ஈயம் வெளித்தெரியும் வேட்டைக் குண்டை என்பது அவர்கள் விடை. மறுப்பு உண்மையே. ஆனால் அது எதை ஒப்புக்கொள்கிறது என்று காணவேண்டும். விலங்குக்கென்று கடையில் விற்ற குண்டுக்கும் மனிதருக்கென்று அரசு செய்த குண்டுக்கும் இடையே அளவில்தான் வேற்றுமை, வகையில் இல்லை.

1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாட்டில் ஆங்கிலப் பேராளர் சர் ஜான் ஆர்டா எழுந்து பேசினார். நாகரிக நாட்டுப் போர்வீரன் சிறு குண்டு பட்டதும் தன் நிலையை உணர்ந்து விலகிவிடுவான். காட்டுமிராண்டியோ எத்தனை முறை துளைக்கப்பட்டாலும் பாய்ந்து வருவான், அவனை நிறுத்த விரியும் குண்டு தேவை என்பது அவர் உரையின் சாரம். புலியைப் பற்றி வேட்டைக்காரர் கூறும் காரணத்தை அவர் மனிதரைப் பற்றிக் கூறினார். மாநாடு அதை ஏற்கவில்லை. மனித உடலில் எளிதில் விரிவடையும் அல்லது தட்டையாகும் குண்டுகளைத் தவிர்ப்பதென்று பெரும்பாலான நாடுகள் அறிக்கை செய்தன. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. பிரிட்டன் 1907-இல்தான் அதில் சேர்ந்தது. இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகள் தம்முள் போரிடும்போது மட்டுமே அவ்வறிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. யார்மீது அக்குண்டு முதலில் பாய்ந்ததோ அவர்களுக்கு அம்மேசையில் நாற்காலி இல்லை.

சட்டம் உறையைப் பார்த்தது. தொழில்நுட்பம் உறைக்குள் புகுந்தது. 1910-இல் ஆங்கிலப் படைக்கு வந்த ஏழாம் வகைக் குண்டு 174 கிரெய்ன் எடையும் கூர்முனையும் உடையது. வெளியுறை முழுமையானது, சட்டத்துக்கு முற்றிலும் உட்பட்டது. ஆனால் முனைப்பகுதியில் உறைக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியம் வைத்தனர். பின்னர் மரக்கூழும் வைத்தனர். முன்புறம் இலேசாகவும் பின்புறம் பளுவாகவும் அமைந்த அக்குண்டு காற்றில் நேராகச் சென்று, உடலில் பட்டதும் நிலைகுலைந்து புரளும். புண் சிறிதாக இருப்பதில்லை.

இராணுவத்துக்கு விலக்கப்பட்டது வேட்டைக்கு விலக்கப்படவில்லை; அதற்கு நேர்மையான காரணமும் உண்டு. விலங்கை வேட்டையாடுவோன் அதைப் புண்படுத்திவிட்டுப் போகக்கூடாது என்பது வேட்டையறம். புண்பட்ட மான் புதரில் நாட்கணக்கில் துடித்துச் சாகும். புண்பட்ட புலி ஆளைக் கொல்லத் தொடங்கும். ஆகவே மெல்லிய தோலும் மென்தசையும் உடைய விலங்குக்கு விரியும் முனையே கருணை. யானைக்கோ அது பயன்படாது. யானையின் மூளையைச் சூழ்ந்திருப்பது தேன்கூடு போன்ற அறைகளுள்ள பருத்த எலும்பு. மென்முனை அங்கேயே நசுங்கி நின்றுவிடும். அதற்கு முழு உறையுள்ள கனத்த குண்டு வேண்டும். மலாயாவின் செலாடாங் எனப்படும் காட்டெருதின் தோளெலும்புக்கும் ஆழ ஊடுருவும் குண்டே ஏற்றது. போரில் தடுக்கப்பட்ட முனை புலிக்கு. போரில் இசைந்த முனை யானைக்கு. இவ்விந்தையான தலைகீழ் மாற்றத்தை அன்றைய வேட்டையாளர் நன்கறிவர்.

அவர்களுள் ஒருவர் தியோடர் ஹப்பேக். 1905-இல் யானை, செலாடாங் வேட்டை பற்றி நூல் எழுதியவர். அதே மனிதர் பின்னாளில் வேட்டையைக் கட்டுப்படுத்தப் போராடினார். 1930-களின் தொடக்கத்தில் மலாயாவின் வனவிலங்கு விசாரணையை நடத்தினார். இன்று தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்கா அமைவதற்கு அவருடைய இடைவிடாத வற்புறுத்தலே முதற்காரணம். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது காட்டில் மறைந்தார். பிறகு அவரைக் கண்டவரில்லை.

இந்தியாவில் வேட்டைக் குண்டின் தெரிவை விலங்கு மட்டும் முடிவு செய்யவில்லை. குடிமக்களிடம் அரசு கொண்ட அச்சமும் முடிவு செய்தது. மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் எல்லைப்புறத்தாரிடம் சேர்ந்திருந்தன. .450 அங்குல வேட்டைக் குண்டுகள் அவற்றுக்குப் பயன்பட்டுவிடும் என்று அஞ்சி, 1900-களின் முதற் பத்தாண்டில் ஆங்கில அரசு அவ்வளவை இந்தியாவுக்குள் வரவொட்டாமல் தடுத்தது. உடனே இலண்டன் துப்பாக்கி செய்வோர் .465, .470 என்று விட்டத்தைச் சிறிதே மாற்றிப் புதிய ரைபிள்களைச் செய்தனர். யானை வேட்டையில் புகழ்பெற்ற .470 அவ்வாறு பிறந்ததே. படைக்குரிய .303-உம் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் இந்தியச் சட்டம் அத்தடையைத் தொடர்ந்தது. ஆதலால் இந்திய அரசுத் தொழிற்சாலைகள் உரிமம் பெற்ற குடிமக்களுக்கென்று செய்த ரைபிள்.315 அளவினது. ஆண்டவர் போனபின்னும் அவருடைய அச்சம் குழலின் விட்டத்தில் நிலைத்துவிட்டது.

மலாயாவின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு ரைபிள் எட்டாத பொருள். அவர்தம் வீட்டு லயங்கள் காட்டின் விளிம்பில் இருந்தன. விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்கள் புலியின் தடத்தைப் பார்த்தே நடந்தார்கள். துப்பாக்கி துரை வீட்டிலோ மேலாளர் அலுவலகத்திலோ இருந்தது. அதுவும் பெரும்பாலும் பன்னிரண்டாம் எண் இரட்டைக்குழல். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை நுழையுமளவு குழல் என்பதே அவ்வெண்ணின் பொருள். வரிகளில்லாத வழுவழுப்பான குழலாதலால் அது பிரவுன் பெஸ்ஸின் பேரப்பிள்ளை எனலாம். அதற்கும் தெரிவு உண்டு. பறவைக்குக் கடுகு போன்ற சிதறுரவை. காட்டுப் பன்றிக்கு எட்டு மில்லிமீட்டர் அளவுள்ள எஸ்.ஜி. ரவை அல்லது ஒற்றைக் குண்டு. தொலைவு கூடக்கூடச் சிதறுரவை பரந்து வலுவிழப்பதால், ஐம்பது கஜத்துக்கு மேற்பட்ட பன்றியை விட்டுவிடுவதே முறையான வேட்டைக்காரனின் வழக்கம்.

பாடாங் தெம்பாக் போன்ற திடலில் கேள்வி முற்றிலும் மாறிவிடுகிறது. அட்டைக்கு உயிரில்லை; அதை வீழ்த்த வேண்டியதில்லை. வேண்டுவது ஒன்றே: ஒரு குண்டு சென்ற வழியிலேயே அடுத்த குண்டும் செல்லவேண்டும். அதற்கு எடையில் மயிரிழை வேற்றுமையும் கூடாது. முனை சற்றுச் சிதைந்தாலும் குண்டு பெரிதும் விலகாது. அடிப்பாகம் சிறிது கோணினாலும் வழி மாறிவிடும். ஏனெனில் குழலைவிட்டு வெளிப்படும் கணத்தில் புகை தள்ளுவது அடியை. குண்டின் நீளத்துக்கேற்பக் குழலின் வரிச்சுழற்சியும் அமையவேண்டும். பழைய என்பீல்டின் குட்டைக் குண்டுக்கு எழுபத்தெட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று போதுமாயிருந்தது; .303-இன் நீண்ட குண்டுக்குப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவைப்பட்டது. இக்கணக்குக்கு 1879-இல் கிரீன்ஹில் என்னும் கணிதப் பேராசிரியர் வகுத்த எளிய வாய்பாட்டைக் குறிசுடுவோர் இன்றும் பயன்படுத்துகின்றனர். குழலுக்குப் பொருந்தாத நீளமுள்ள குண்டு எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அட்டையில் பக்கவாட்டாகவே பதியும்.

ஒலிம்பிக் போட்டியின் ஐம்பது மீட்டர் ரைபிளுக்கு .22 அளவுள்ள நாற்பது கிரெய்ன் ஈயக் குண்டே வழக்கம். அதை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழாகவே செலுத்துவர். ஒலியைத் தாண்டிச் சென்று வழியில் வேகம் குறைந்து மீண்டும் அவ்வெல்லையைக் கடக்கும் குண்டு தள்ளாடும். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் முனை தட்டையாகவே இருக்கும். காகிதத்தில் கத்தரித்தாற்போன்ற வட்டத்துளை விழுந்தால்தான் புள்ளியை அளக்க இயலும் என்பதிலிருந்து வந்த வழக்கம் அது. அங்கே நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். 2012-இல் இலண்டனில், எட்டு மாதக் கருவைச் சுமந்தவாறு மலேசியாவின் நூர் சுர்யானி தைபி நின்று சுட்டது அப்புள்ளியை நோக்கித்தான்.

நீண்ட தொலைவுக் குறிசுடுதலில் இன்று பெரிதும் விரும்பப்படும் குண்டுகளுக்கு முனையில் சிறு துளை இருக்கும். டம்டத்தை நினைவூட்டும் துளை. ஆனால் அதன் நோக்கம் வேறு. அடியை மூடிய உறையில் முன்புறமிருந்து ஈயத்தைச் செலுத்தினால் அடி பிசிறின்றி அமையும்; எஞ்சுவதே அத்துளை. 1980-களில் அமெரிக்கப் படையினர் இதைப் போரில் பயன்படுத்தலாமா என்று அவர்களுடைய சட்ட அறிஞர்களைக் கேட்டனர். துளை விரிவதற்கென்று அமைந்ததன்று, ஆகவே தடையில்லை என்பது கிடைத்த விடை. நூறாண்டுக்கு முன் ஹேக்கில் தொடங்கிய வழக்கு இப்படி முனையைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது.

மலாயாவில் ஒரு காலம் குண்டின் வகையை எவரும் கேட்கவில்லை; இருந்ததா என்பதே கேள்வியாயிற்று. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. தஞ்சை மண்ணில் பிறந்து அனைத்து மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதற்காக, 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலிருந்து எழுந்த முறையீடுகள் பயன் தரவில்லை. துப்பாக்கிக் குற்றங்களுக்கான கட்டாய மரணதண்டனை மலேசியச் சட்டத்திலிருந்து 2023-இல்தான் நீங்கிற்று.

குண்டின் உலோகமும் இப்போது கேள்விக்குள்ளாகிவிட்டது. வேட்டையில் சிதறிய ஈயத்துணுக்குகளைத் தின்னும் கழுகுகளும் வாத்துகளும் நஞ்சேறி மடிகின்றன. 1991 முதல் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயரவை தடுக்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் 2019-இல் வேட்டை முழுவதற்கும் அதை விலக்கிற்று. முழுச் செம்பாலான குண்டு அங்கெல்லாம் ஈயத்தின் இடத்தைப் பிடித்துவருகிறது. ஈயத்தைவிட அடர்த்தி குறைந்ததாகையால் ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீண்டுவிடும். நீண்டால் வரிச்சுழற்சி மாறவேண்டும். கிரீன்ஹில்லின் கணக்கு மீண்டும் தேவைப்படுகிறது.

மலேசியத் தீபகற்பத்தில் புலி 1976 முதல் முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. 2016-க்கும் 2020-க்கும் இடையே நடந்த கணக்கெடுப்பின்படி, காட்டில் எஞ்சியவை நூற்றைம்பதுக்கும் குறைவு. அவற்றைத் திருட்டுத்தனமாகக் கொல்வோர் குண்டைத் தேர்ந்தெடுக்கச் சிரமப்படுவதில்லை. சத்தமும் உரிமமும் வேண்டாத கம்பிக் கண்ணியை மரவேரில் கட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் மாட்டிய கால் பல நாள் அறுபட்டுக்கொண்டிருக்கும். வனவிலங்குத் துறையினரும் காவல்துறையினரும் படையினரும் கூட்டாகக் காட்டுக்குள் சென்று இக்கண்ணிகளைத் தேடி அறுத்தெடுத்து வருகின்றனர்.